கெட்டுப்போனது எந்தக் காலம்?

"காலம் கெட்டுப்போச்சு" என்ற பேச்சு சின்னசேலம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் புதிதில்லை. கத்தோலிக்கச் சாமியார் தவக்காலப் பிரசங்கத்தில் சொல்வார். லுத்தரன் ஐயர் உபவாசக் கூட்டத்தில் சொல்வார். பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒலிபெருக்கி கட்டி, இதெல்லாம் கடைசி காலத்தின் அடையாளம் என்று சேர்த்துச் சொல்வார். குடி பெருகிவிட்டது, பிள்ளைகள் கையில் செல்போன், பெரியவர்களுக்கு மதிப்பில்லை, கலியாணம் நிலைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஆள் குறைந்துவிட்டது. சபைக்குச் சபை இந்தப் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். தலையாட்டும் அளவுக்கு அதில் உண்மையும் இருக்கிறது.

பட்டியல் போடுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. கெடுவதற்கு முன்பு எந்த வருஷம் நன்றாக இருந்தது? யாருக்கு நன்றாக இருந்தது? இந்தக் கேள்வியோடு சின்னசேலத்தைச் சுற்றி அன்றும் இன்றும் என்று பார்த்தால், பிரசங்கத்தில் விட்டுப்போன சில பக்கங்கள் தெரியவரும்.

சேலத்திலிருந்து கடலூர்ப் பக்கம் போகிற சாலையிலும், சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையிலும் இருக்கிற ஊர் சின்னசேலம். மரவள்ளி, கரும்பு, மக்காச்சோளம் விளைகிற பூமி. வடமேற்கே கல்வராயன் மலை. தென்னாற்காடு மாவட்டமாக இருந்தது, 1993இல் விழுப்புரம் மாவட்டமாகி, 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். கிறிஸ்தவர்கள் இங்கே சிறுபான்மைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலம் முழுவதற்கும் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். ஆனாலும் வேர் ஆழமானது. விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவுக்குச் சேலை உடுத்தி, பெரியநாயகி என்று பெயர் வைத்த கோயில் 18ஆம் நூற்றாண்டு தொட்டு இருக்கிறது. பின்னால் பிரெஞ்சுப் பாதிரிமார்களும், அவர்களுக்குப் பின் டேனிஷ் மிஷன்காரர்களும் வந்தார்கள்.

குடி: அன்று

ஒழுக்கம் என்று பேச்செடுத்தால் இந்தப் பக்கத்தில் முதலில் வருவது குடிதான். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்த மாவட்டம் பக்கத்துச் சேலம். நாட்டிலேயே முதல் முயற்சி அது. கள்ளுக்கடை வருமானம் நின்றதும் அரசுக்கு வேறு வருமானம் வேண்டியிருந்தது. 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது அந்தத் தேவையில்தான். குடியை ஒழிக்க ஒரு புது வரி போட்ட காலம் அது. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது.

அந்த நாளில் குடியைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே நிலை இல்லை. கத்தோலிக்கருக்குத் திராட்சை ரசம் பூசையின் பகுதி. கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீரை ரசமாக்கிய கதையை வாசிக்கிற மதம் குடிப்பொருளையே பாவம் என்று சொல்லிவிட முடியாது. மதுவிலக்குக் காலத்திலும் பூசை ரசத்துக்குத் தனி உரிமம் இருந்தது. அதனால் சாமியார்கள் வெறிகொள்வதைத்தான் பாவம் என்றார்கள். மிஷன் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபைகளும், பின்னால் வந்த பெந்தெகொஸ்தே சபைகளும் ஒரு சொட்டும் தொடக் கூடாது என்றன. குடிக்கிறவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பதும் உண்டு.

இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒன்று இருந்தது. குடித்தவன் யார் என்று சபைக்குத் தெரியும். உபதேசியார் வீட்டுக்கு வருவார். மனைவியைக் கேட்பார், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று விசாரிப்பார். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், தவக்காலத்தில் ஒருசந்தி, ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் என்று வருஷம் முழுக்க ஓர் ஒழுங்கு. வாயைக் கட்டவும் மனதைக் கட்டவும் அதில் ஒரு பழக்கம் இருந்தது. கிறிஸ்தவம் இந்த மண்ணுக்குத் தந்த நல்லவற்றில் அதுவும் ஒன்று.

குடி: இன்று

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. சில ஆண்டில் திரும்ப வந்தது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் இறுதியில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023–24இல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடியை ஒழிக்க விற்பனை வரியைத் தேடிப்போன அரசாங்கம் அன்று. மது விற்பனையின் வரியை நம்பி நிற்கிற அரசாங்கம் இன்று. இரண்டு காலத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க இந்த ஒரு திருப்பம் போதும்.

2015 ஜூலை 31ஆம் தேதி சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். எல்லா மதத்தவரும் அவருக்காக அழுதார்கள். அதன் பின் ஒன்றுக்கு மேற்பட்ட முறை 500 கடை மூடுகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. மூடவும் மூடினார்கள். குடி குறைந்தது என்று சொல்ல முடியவில்லை.

பிறகு 2024 ஜூன். கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று வரிசையாக விழுந்தார்கள். சாராயத்தில் மெத்தனால் இருந்தது. தொழிற்சாலைக்கான அந்த ரசாயனம் உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும். முதலில் பார்வை நரம்பு போகும், பிறகு உயிர். 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். தாய், தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. விற்பனை நடந்த இடம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரம். ஒரு வருஷத்துக்கு முன்னால்தான், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

இங்கேதான் பழைய பிரசங்கம் போதாமல் போகிறது. குடித்தவன் பாவி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மெத்தனால் கலந்தவன், அதைக் கடத்தியவன், கண்டும் காணாமல் இருந்தவன், கடை விலை கட்டுப்படியாகாமல் கூலிக்காரர் பாக்கெட்டுக்குப் போவது தெரிந்தும் பேசாமல் இருந்தவன், இவர்களெல்லாம் எந்தப் பட்டியலில்? விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடமிருந்து சி.பி.ஐ.க்குப் போகட்டும் என்று 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் கேட்ட கேள்வி தனி ஆளின் பலவீனத்தைப் பற்றியது மட்டும் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற கத்தோலிக்கர் முன்சீப் வேலையில் இருந்துகொண்டே 1859இல் நீதிநூல் வெளியிட்டார். அதில் அதிகாரிகளின் கைக்கூலியையும் கண்டித்தார். ஒழுக்கக் கேடு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பிரசங்கங்கள் அந்த நாற்காலிப் பக்கம் அதிகம் போவதில்லை.

மலை

கள்ளச்சாராயம் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது கல்வராயன் மலையை. மலை ஓடைகளில் ஊறல் போடுவதும், போலீஸ் போய் அழிப்பதும், படம் பத்திரிகையில் வருவதும் வழக்கமான செய்திகள். மலைவாசிகள் என்றால் இப்படித்தான் என்று கீழ்நாட்டில் ஒரு முடிவும் கட்டியாகிவிட்டது.

அன்று மலை எப்படி இருந்தது? மலையாளிப் பழங்குடிகள் வாழும் கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தாரர்களின் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து ஒரு தலைமுறை ஆன பிறகும் இருந்தது. மக்கள் கூலியில்லாமல் வேலை செய்து கொடுக்க வேண்டும், விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும். 1976இல்தான் ஜாகீர் முறை ஒழிந்து மலை அரசு நிர்வாகத்துக்கு வந்தது. "அந்தக் காலம் நல்ல காலம்" என்று சமவெளியில் பேசிக்கொண்டிருந்தபோது மலை மேல் கொத்தடிமை இருந்தது. அதைப் பாவம் என்று எத்தனை பேர் பிரசங்கம் செய்தார்கள்?

அடிமை முறை போனது. பிழைப்பு வரவில்லை. மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் இந்த மலைகளையும் விடவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் செத்தார்கள். ஊறல் போடுவதும் செம்மரம் வெட்டுவதும் குற்றம்தான். அந்தக் குற்றத்தை விட்டு வெளியே வர ஒரு வழி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்தது. சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று அரசைக் கேட்டது. ஒழுக்கத்தைப் பற்றி அந்த மலைக்காக யாராவது ஒரு நல்ல பிரசங்கம் செய்திருந்தால் அதுவும் இந்தக் கேள்விகளில்தான் தொடங்கியிருக்கும்.

கட்டுப்பாடு

அன்றைய சபைக் கட்டுப்பாட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் நிறைய. ஏக்கத்தில் நியாயம் உண்டு. கத்தோலிக்கக் கோயிலில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர் வந்து சொல்ல வேண்டும். ஒரு பெண்ணை ஏமாற்றி இரண்டாம் கலியாணம் செய்வது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஊரே சாட்சி. இன்று ஓலை வாசிக்கிறார்கள், கேட்பவர்கள் குறைவு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. ஆனாலும் "பிள்ளைக்குச் செய்வது" என்ற பெயரில் பவுனும் வண்டியும் பேசிமுடித்த பிறகுதான் பல வீடுகளில் ஓலையே எழுதப்படுகிறது. பீடத்துக்கு முன்னால் கைப்பிடிக்கிறபோது அந்தக் கணக்கு யாருக்கும் உறுத்துவதில்லை.

பிரசங்கத்தின் குரலும் மாறிவிட்டது. அன்று "நீ என்ன செய்தாய்" என்று கேட்டார்கள். இன்று தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் "உனக்கு என்ன கிடைக்கப்போகிறது" என்று சொல்கிறார்கள். வீடு, வேலை, விசா, கடன் அடைதல் எல்லாம் ஆசீர்வாதத்தின் பட்டியலில். கன்வென்ஷன் பிளெக்ஸில் ஆண்டவர் படத்தைவிட ஊழியர் படம் பெரிது. நவீன உலகத்தின் ஆசையைக் கண்டிக்க வேண்டிய மேடையே அந்த ஆசைக்கு ஆமென் போடுகிறது. உலகம் கெட்டதைப் பற்றிப் பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் அந்தப் பழைய கட்டுப்பாட்டுக்கு இன்னொரு முகமும் இருந்தது. அதன் பெயர் சாதி. 1872இல் கட்டிய வடக்கன்குளம் கோயில் இரண்டு கால் பிரிந்த கால்சட்டை வடிவம். இரண்டு சாதிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண நடுவே சுவர். 1910இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். அது திருநெல்வேலிச் சீமை என்று நாம் ஒதுங்க முடியாது. தென்னாற்காட்டு டேனிஷ் மிஷன் வரலாறே சாதிச் சண்டையில் பிறந்தது. லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்வதை ஏற்காமல் வெளியேறினார். மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே வேலை தொடங்கி, 1860களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஒழுக்கத்தின் முதல் கேள்வி சாதி என்று நம்பியவர் ஒருவர் நம் பக்கத்திலேயே 160 வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்கிறார்.

அவர் கேள்விக்குப் பதில் வந்ததா? உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூர் இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். பெரிய கத்தோலிக்க ஊர், பழைய ஜெபமாலை மாதா கோயில். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சாவு ஊர்வலம் கோயிலுக்குப் போகும் பாதையில் தடை, கல்லறை தனி என்று காலங்காலமாகக் குமுறினார்கள். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி, அதுவும் தவக்காலத்தில், ஊர் கலவரமானது. வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிடுகிற இரண்டு தெரு. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தில் எந்தத் தெருவும் குறை வைத்திருக்காது.

2003 நவம்பர் மாதம் இதில் ஒரு குறிப்பான மாதம். அந்த மாதம் 17ஆம் தேதி ரோமில் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது திருச்சபையின் பணிக்கே பெரிய இடைஞ்சல் என்று நேரடியாகச் சொன்னார். அதே மாதக் கடைசியில்தான் டாஸ்மாக் சில்லறைக் கடைகள் திறந்தன. இந்த இரண்டில் எதைப் பற்றி நம் ஆலயங்களில் அதிகம் பேசினோம் என்று யோசித்துப் பாருங்கள். கடையைப் பற்றித்தான். கடை வெளியே இருந்தது. சாதி உள்ளே இருந்தது.

வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்று ஒரு நூல் எழுதினார். அது ஊராருக்கு எழுதியதில்லை. மறை சொல்லிக்கொடுக்கும் வேதியர்களுக்கு, முதலில் நீங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதியது. நம் மரபிலேயே வழி இருந்திருக்கிறது. பிரசங்கத்தில் நாம்தான் அதைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டோம்.

கூட்டம்

இன்றைய கேடு என்று புதிதாக எதையாவது சொல்ல வேண்டுமானால், 2022 ஜூலை 17ஆம் தேதியைச் சொல்லலாம். சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டுப் போராட்டம் நடந்தது. கேள்வி நியாயமானது. தாயின் கண்ணீரும் நியாயமானது. ஆனால் வாட்ஸ்அப் வழியே எங்கெங்கிருந்தோ திரண்ட கூட்டம் அன்று பள்ளிக்குள் புகுந்து பேருந்துகளைக் கொளுத்தியது. மேசை, நாற்காலி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. கொண்டுபோனதைத் திருப்பித் தரும்படி பிறகு சுற்று ஊர்களில் தண்டோரா போட்டார்கள். கூட்டத்தைச் சேர்த்தது கைப்பேசி, பொருளைத் திரும்பக் கேட்டது பறை.

நீதி கேட்கப் போனவன் நாற்காலியோடு வீடு திரும்பியது எப்படி? அன்றைக்கு ஊர்க் கூட்டத்தில் ஒருவன் கல்லெடுத்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடக்க ஆள் இருந்தார். இன்றைய கூட்டத்தில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. நவீன காலத்தின் ஒழுக்கச் சிக்கல் என்று கிறிஸ்தவர்கள் பேச வேண்டியது பெண் பிள்ளைகளின் உடுப்பைவிட இதைப் பற்றித்தான். பெயரில்லாத கூட்டத்தில் மனசாட்சி எங்கே போகிறது? பரபாசை விடுதலை செய் என்று கத்திய கூட்டத்தின் கதையை வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று வாசிக்கிற நமக்கு, இதைப் பேசத் தகுதி கொஞ்சம் அதிகம்.

வரவு செலவு

சரி, கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

அன்று அடுத்த வீட்டு அடுப்பு எரியவில்லை என்றால் தெரியும். பங்கில் ஒருவர் படுத்துவிட்டால் மாறி மாறிக் கஞ்சி போகும். குடித்தவனைத் திட்டவும் தூக்கிவிடவும் ஆள் இருந்தது. ஒருசந்தி இருந்த உடம்புக்கு ஆசையை ஒத்திப்போடத் தெரிந்தது. இவையெல்லாம் உண்மையான இழப்புகள்.

இன்று மலையில் கொத்தடிமை இல்லை. எந்தச் சாதியில் பிறந்த பெண்ணும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், சிலர் அதே பள்ளிக்கு ஆசிரியையாக வருகிறார்கள். அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவைத்த சாமியாருக்குப் பதில், புகார் கொடுக்க மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. எறையூரில் அன்று சத்தமில்லாமல் நடந்தது பின்னால் சத்தத்தோடு வெளியே வந்தது. சத்தம் வந்ததால் ஊர் கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள், அதற்கு முன்னால் இருந்த அமைதி யாருடைய மௌனம் என்று கேட்டதில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. அன்று கட்டுப்பாடு இருந்தது, நீதி குறைவாக இருந்தது. இன்று நீதி கேட்கிற வாய் இருக்கிறது, கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. கட்டுப்பாட்டை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கிற பிரசங்கம் பாதிச் சுவிசேஷம். அது பழைய சுவரையும் சேர்த்துத்தான் கட்டும்.

புலம்பலைவிடப் பயனுள்ள வேலைகள் இருக்கின்றன. குடியை விட முடியாமல் தவிப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடி, உள்ளதை உள்ளபடி சொல்லி, ஒருவரையொருவர் தாங்கும் ஏ.ஏ. குழுக்கள் 1935இல் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கத்தின் சாயலில் தொடங்கியவை. பாவசங்கீர்த்தனம் தெரிந்தவர்களுக்கு அந்த முறை அந்நியமாகத் தெரியாது. தமிழ்நாட்டில் பல இடங்களில் ஆலய வளாகங்களிலேயே கூடுகிறார்கள். செலவு ஓர் அறையும் சில நாற்காலிகளும்தான்.

அடுத்த தவக்காலத்தில் சாம்பல் பூசிக்கொள்ளும் முன்னால், சின்னசேலம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் சாமியாரிடமும் ஐயரிடமும் பாஸ்டரிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நம் சபையில் குடிநோயாளிகள் கூட ஓர் அறை தருவீர்களா? நம் கல்லறைக்கு எல்லாத் தெருவினரும் ஒரே பாதையில் போகலாமா? கல்வராயன் மலையிலும் கருணாபுரத்திலும் நம் சபை இந்த வருஷம் என்ன செய்யப்போகிறது? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு, காலம் கெட்டுப்போனதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிரசங்கம் செய்யட்டும். உட்கார்ந்து கேட்போம்.